இரவுக் காட்சியில் முகம் தெரியவில்லை: ஒரு மேடை ஒளியமைப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

220 இருக்கைகள், 14 வரிசைகள் கொண்ட ஒரு சிறு அரங்கு. மேடை முகப்பின் அகலம் 9 மீட்டர், ஆழம் 7 மீட்டர். இரண்டு மணி நேர நாடகம்; ஒரு முன்னோட்டக் காட்சியும் அதையடுத்து ஆறு மேடையேற்றங்களும் திட்டமிடப்பட்டிருந்தன. நாடகத்தின் மையப் பகுதி 12 நிமிட இரவுக் காட்சி. இரண்டு பாத்திரங்கள் தரையில் உட்கார்ந்து, நடுவில் ஒரு லாந்தரை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அதற்கு முந்தைய காட்சி வெயில் கொளுத்தும் பகல் முற்றம்.

பார்வையாளர் பகுதியின் மேலே இரண்டு விளக்குக் கம்பிகள் இருந்தன. முதல் கம்பி மேடை விளிம்பிலிருந்து 2 மீட்டர் முன்னால், இரண்டாவது 5.5 மீட்டர் முன்னால். இரண்டுமே மேடைத் தரையிலிருந்து 6 மீட்டர் உயரம். முதல் கம்பியில், ஓரம் மென்மையாகக் கரையும் ஒளி தரும் 1,000 வாட் ஃபிரெனல் விளக்குகள் 8. இரண்டாவதில், கதிரை 36 பாகை விரிக்கும் லென்ஸ் பொருத்திய, ஓரம் கூர்மையான ஒளி தரும் 750 வாட் புரொஃபைல் விளக்குகள் 6. மேடையின் பின்புறக் கம்பியில் நிறம் மாற்றக்கூடிய எல்இடி பார் (PAR) விளக்குகள் 8. டிம்மர் (விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வழிகள் 24. அவற்றில் 22 பயன்பாட்டில் இருந்தன. எல்இடி விளக்குகளுக்கு டிம்மர் வழியாக அல்லாமல் நேரடி மின்சாரம் கொடுக்கப்பட்டது. டிம்மர் அலைவடிவத்தை வெட்டித் தருவதால், முழு அளவில் வைத்தாலும் எல்இடியின் மின்சுற்று கெட்டுப்போக வாய்ப்புண்டு. இந்த ஒரு விஷயத்தில் குழு தொடக்கத்திலிருந்தே கவனமாக இருந்தது.

இரவுக் காட்சிக்கான முதல் திட்டம் எளிமையானது. முதல் கம்பியின் இரண்டு ஃபிரெனல்களில் லீ 119 அடர்நீல ஜெல் (விளக்கின் முன் வைக்கும் நிறத்தாள்), பின்னாலிருந்து எல்இடி நீலம், நடுவில் லாந்தர். இரண்டாம் கம்பியைத் தொடவே இல்லை. அங்கிருந்து வரும் ஒளி பின்சுவரில் விழுந்து இரவைக் கெடுத்துவிடும் என்பது ஒளியமைப்பாளரின் கணிப்பு. கணிப்பு சரிதான், ஆனால் சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

கியூக்களைப் பதிவு செய்த நாள்

கியூக்களை, அதாவது ஒவ்வொரு கட்டத்துக்குமான ஒளி அளவுகளை, பதிவு செய்தபோது ஒளியமைப்பாளரும் இயக்குநரும் ஐந்தாம் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். பகல் காட்சியின் கியூக்களை முந்தைய நாளே முடித்துவிட்டதால், அன்று மாலை இரவுக் காட்சியை மட்டும் தனியாக எடுத்தார்கள். அரங்க விளக்குகள் அணைந்திருந்தன. வேலை முடிய ஏறத்தாழ 40 நிமிடம் ஆனது.

அந்த 40 நிமிடங்களில் நடந்ததைப் பதிவேட்டிலிருந்து தெளிவாகப் பார்க்க முடிகிறது. ஃபிரெனலின் அளவு முதலில் 60 சதவீதம், பிறகு 45, கடைசியில் 30. ஒவ்வொரு முறையும் "இன்னும் இருட்டாகலாம்" என்று தோன்றியிருக்கிறது. இருட்டுக்குப் பழகப் பழகக் கண்ணின் உணர்திறன் கூடிக்கொண்டே போகும். விழித்திரையில் நிறத்தையும் நுணுக்கத்தையும் உணரும் கூம்பு உயிரணுக்கள் ஏறக்குறைய 10 நிமிடத்தில் நிலைப்படும். மங்கலொளியில் பார்க்க உதவும் கோல் உயிரணுக்கள் முழுதாகப் பழக அரைமணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். அதாவது, முழுதாக இருட்டுக்குப் பழகிய கண்ணால் 30 சதவீதம் என்று முடிவானது. பார்வையாளர் அதே காட்சியை வெயில் முற்றத்தைப் பார்த்து முடித்த 3 விநாடிகளில் பார்க்கப் போகிறார். இந்த வேறுபாட்டை அன்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

முன்னோட்டக் காட்சி

முன்னோட்டத்துக்கு ஏறத்தாழ 60 பேர் வந்தார்கள். நாடகம் முடிந்ததும் ஒன்பதாம் வரிசைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒரே குறையைச் சொன்னார்கள்: இரவுக் காட்சியில் குரல் கேட்கிறது, யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. முன் வரிசைக்காரர்களின் புகார் வேறு. முகம் தெரிந்தது, கண் தெரியவில்லை. புருவத்துக்குக் கீழே இரண்டு குழிகள் மட்டும் இருந்தன என்றார்கள். லாந்தர் கண்ணைக் கூசியதாக இரண்டு பேர் சொன்னார்கள்.

இவை மூன்று தனித்தனிக் குறைகள். ஆனால் அன்றிரவு நடந்த கூட்டத்தில் மூன்றும் சேர்ந்து "வெளிச்சம் போதவில்லை" என்ற ஒரே வரியாகக் குறிக்கப்பட்டன.

முதல் திருத்தம், அது ஏன் பலிக்கவில்லை

இரவுக் காட்சியின் எல்லா விளக்குகளையும் ஒன்றரை மடங்கு ஏற்றினார்கள். அடுத்த நாள் காலை ஒத்திகையில் பார்த்தபோது, முகம் கொஞ்சம் தெளிந்ததே தவிர இரவு போய்விட்டது. வெளிர்சாம்பல் நிறத் தரை பளிச்சென்றிருந்தது. பின்சுவரின் பூச்சுக் கோடுகள்கூடத் தெரிந்தன. "நிலா வெளிச்சம் இல்லை, மேகமூட்டமான மதியம்" என்றார் இயக்குநர். பன்னிரண்டாம் வரிசையில் உட்கார்ந்து பார்த்த அரங்க மேலாளருக்கு அப்போதும் முகங்களைப் பிரித்தறிய முடியவில்லை.

அடுத்து, கண் குழிகளை நிரப்ப லாந்தர் அருகே ஒரு பெட்டிக்குப் பின்னால் 50 வாட் சிறு பார் விளக்கு ஒன்றை ஒளித்துவைத்தார்கள். கண்கள் உடனே தெரிந்தன. ஆனால் கீழிருந்து, அதுவும் 60 செ.மீ. நெருக்கத்தில் வந்த ஒளி இரண்டு நடிகர்களின் நிழலையும் பின்சுவரில் பூதாகாரமாக எறிந்தது. ஒருவர் கையைத் தூக்கினால் சுவர் முழுக்க ஒரு கை. கறுப்பு அலுமினியத் தகடு கட்டி மேல்பகுதியை மறைத்தபோது நிழல் குறைந்தது, கூடவே கண்ணில் விழுந்த ஒளியும் போனது. அந்த விளக்கைக் கழற்றிவிட்டார்கள். ஒளித்துவைத்த சிறு விளக்கு பல மேடைகளில் அருமையாக வேலை செய்யும். பின்சுவர் 6 மீட்டருக்குள் வெறுமையாக நிற்கும் மேடைக்கு அது பொருந்தாது.

அளந்து பார்த்தபோது

மதியம் ஒளியமைப்பாளர், விழும் ஒளியை அளக்கும் லக்ஸ் மீட்டரை எடுத்தார். உதவியாளர் பதிவின்போதே அளந்திருந்தார். நடிகர் உட்காரும் இடத்தில் 44 லக்ஸ் என்று எழுதியும் வைத்திருந்தார். இரவுக் காட்சிக்கு அது தாராளமான அளவு. ஆனால் அவர் மீட்டரைக் கிடையாக, கூரையைப் பார்க்கும்படி பிடித்திருந்தார். அது தலையிலும் தோளிலும் விழும் ஒளியின் அளவு. பழைய கியூ அளவுகளுக்கே திரும்பி, மீட்டரை முகத்தின் இடத்தில் நிமிர்த்தி, பார்வையாளர் பக்கம் திருப்பியபோது 14 லக்ஸ் மட்டுமே வந்தது.

காரணம் கோணம். நடிகர்கள் உட்கார்ந்தது மேடை விளிம்பிலிருந்து 1 மீட்டர் உள்ளே. உட்கார்ந்தவரின் முகம் தரையிலிருந்து 0.8 மீட்டர். முதல் கம்பி கிடையாக 3 மீட்டர் தள்ளியும், முகத்திலிருந்து 5.2 மீட்டர் உயரத்திலும் இருந்தது. கணக்கிட்டால் 60 பாகை. முகத்துக்கு ஒளி 45 பாகைக்கு அருகில் வர வேண்டும் என்பது 1930களில் அமெரிக்க மேடை ஒளியமைப்பு ஆசிரியர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் வகுத்த முறையிலிருந்து வழிவழியாக வரும் அடிப்படை. 60 பாகையில் புருவ எலும்பே குடையாகிவிடும். அங்கே எவ்வளவு ஏற்றினாலும் நெற்றியும் மூக்கும்தான் பளபளக்கும். நின்று நடிக்கும் பகல் காட்சியில் இதே கம்பி 56 பாகையில் வந்தது. அங்கே இரண்டாம் கம்பியின் ஒளியும் சேர்ந்திருந்ததால் குறை தெரியவில்லை.

பின்சுவரிலும் அளந்தார்கள். 5 லக்ஸ். முகத்தில் 14, சுவரில் 5: முகம் சுவரைவிட மூன்று மடங்கு வெளிச்சம்கூடப் பெறவில்லை. காலையில் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு ஏற்றியபோது முகம் 21 ஆகியிருக்கும், சுவரும் 7.5 ஆகியிருக்கும். விகிதம் அப்படியே 2.8. பின்வரிசையில் இருப்பவரின் கண் முகத்தைத் தேடுவது இந்த விகிதத்தைக் கொண்டுதான். லக்ஸை மட்டும் கூட்டியதால் எதுவும் மாறாததற்கு இதுவே காரணம்.

சுவருக்கு ஒளி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, தரையில் கறுப்புத் துணி விரித்து மறுபடி அளந்தார்கள். 5 லக்ஸ் 3 ஆனது. வெளிர்சாம்பல் தரையே ஒரு விளக்காக வேலை செய்துகொண்டிருந்தது. மீதி, ஃபிரெனலின் மென்மையான ஓரத்திலிருந்து வழிந்த ஒளி.

இன்னொரு காரணம் நிறம். அடர்நீல ஒளியில் கண்ணால் கூர்மையாகக் குவிக்க முடியாது. நீலம் விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவிந்துவிடும். கூர்மையாகப் பார்க்கும் நடுப்புள்ளியில் நீல உணர்வுக் கூம்புகளும் ஏறக்குறைய இல்லை. அடர்நீலத்தில் மட்டும் ஒளியூட்டிய முகம் 10 மீட்டர் தொலைவில் கலங்கித்தான் தெரியும். அது சூழலுக்கு ஏற்ற நிறம், முகத்துக்கு ஏற்றதல்ல.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, முக ஒளியை இரண்டாம் கம்பிக்கு மாற்றுவது. கிடங்கில் இரண்டு உதிரி புரொஃபைல்களும் 19 பாகை லென்ஸ் குழல்கள் இரண்டும் இருந்தன. மையத்திலிருந்து இருபுறமும் 3 மீட்டர் தள்ளித் தொங்கவிட்டு, பாதுகாப்புச் சங்கிலி பூட்டி, மிச்சமிருந்த இரண்டு டிம்மர் வழிகளில் இணைத்தார்கள். அங்கிருந்து உட்கார்ந்த முகத்துக்கு ஒளி 36 பாகையில் வரும். கொஞ்சம் தாழ்வுதான், ஆனால் லாந்தர் அருகில் இருக்கும் காட்சிக்கு அது நன்மையே.

19 பாகையைத் தேர்ந்ததற்குக் காரணம் சுவர். 36 பாகை லென்ஸ் என்றால் கதிரின் மேல் விளிம்பு பின்சுவரில் ஒன்றரை மீட்டர் உயரம் வரை ஏறும். 26 பாகை என்றால் ஏறத்தாழ 15 செ.மீ. 19 பாகையில் சுவருக்கு ஒன்றரை மீட்டர் முன்னாலேயே தரையில் முடிந்துவிடும். இரண்டாம் கம்பியைப் பற்றி ஒளியமைப்பாளருக்கு இருந்த அச்சம் உண்மையில் அந்த லென்ஸைப் பற்றியது. முதல் திட்டத்தின்போதே யாராவது ஒரு தாளில் பக்கவாட்டுப் படம் வரைந்திருந்தால் இது பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். எஞ்சிய சிறு கசிவை, புரொஃபைலுக்குள் கதிரின் ஓரத்தை வெட்டும் ஷட்டர் தகட்டால் வெட்டினார்கள். புரொஃபைலில் பிம்பம் தலைகீழாக விழுவதால், கதிரின் மேல் விளிம்பை வெட்டக் கீழ் ஷட்டரைத் தள்ள வேண்டும். ஏணியில் நிற்பவர் இதை மறந்தால் நேரம் வீணாகும்.

ஜெல்லாக லீ 201 போட்டார்கள். டங்ஸ்டன் ஒளியைப் பகலொளி நிறத்துக்கு மாற்றும் வெளிர்நீலம் இது. ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே கடத்தும். அந்த இழப்பு இங்கே உதவியாகவே அமைந்தது. டங்ஸ்டன் விளக்கை 15 அல்லது 20 சதவீதத்துக்கு இறக்கினால் இழை மஞ்சளாகி, ஜெல்லின் நீலத்தைத் தின்றுவிடும். ஜெல் ஒளியைக் குறைத்ததால் விளக்கை 55 சதவீதத்தில் எரிக்க முடிந்தது, நிறமும் நிலைத்தது. லீ 119 போட்ட ஃபிரெனல் இரண்டும் இரவுக் காட்சியிலிருந்து நீக்கப்பட்டன. அடர்நீலம் பின்னொளிக்கு மட்டும் என்றானது.

தரைக்கு மங்கலான அடர்பழுப்புப் பூச்சு. பகல் முற்றத்துக்கும் அந்த நிறம் பொருந்தும் என்று அரங்கப் பொருள் வடிவமைப்பாளர் ஒப்புக்கொண்டார். பளபளப்பில்லாத பூச்சு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அடர்நிறமாக இருந்தாலும் பளபளப்பான தரை பின்னொளியை நேராகப் பார்வையாளர் கண்ணுக்கு எறியும்.

லாந்தரில் இருந்த 25 வாட் பல்பை எடுத்துவிட்டு, 12 வோல்ட் 5 வாட் இழை பல்புகள் இரண்டைப் பின்பக்கமாக வைத்தார்கள். பார்வையாளர் பக்கக் கண்ணாடியில் மட்டும் ஒரு பரப்பி ஜெல்லும் வெளிர் அம்பர் ஜெல்லும் ஒட்டப்பட்டன. நடிகர்கள் பக்கம் வெறும் கண்ணாடி. வெளியிலிருந்து பார்த்தால் லாந்தர் மங்கலாக ஒளிரும், உள்ளே இருக்கும் முகங்களுக்கு முழு ஒளி போகும். பக்கத்திரைகளுக்குப் பின்னால் எரிந்த இரண்டு நீல வேலை விளக்குகளும் தரையைப் பார்க்கத் திருப்பப்பட்டன.

கண்ணுக்கு நேரம் கொடுத்தல்

இதுவரை சொன்னவை இடத்தைப் பற்றிய திருத்தங்கள். ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமானது நேரத்தைப் பற்றியது. பகல் காட்சியில் முகத்தில் 650 லக்ஸ். அங்கிருந்து 3 விநாடி இருள், உடனே 14 லக்ஸ். ஒரே பாய்ச்சலில் 46 மடங்கு இறக்கம். பார்வையாளர் கண் பழகுவதற்குள் இரவுக் காட்சியின் முதல் மூன்று நான்கு நிமிட வசனம் போய்விடுகிறது. முன்னோட்டத்தில் குறை சொன்னவர்கள் காட்சியின் தொடக்கத்தைப் பற்றியே அதிகம் பேசியிருந்ததும் பிறகுதான் கவனத்துக்கு வந்தது.

பகல் காட்சியின் கடைசி நான்கு நிமிடங்களில் மாலையாகிறது என்று வைத்துக்கொள்ள வசனம் இடம் கொடுத்தது. எனவே 240 விநாடிக்கு ஒரே ஃபேட் (ஒளி மெல்ல மெல்ல மாறுவது): 650 லக்ஸிலிருந்து 150க்கு, நிறம் மஞ்சளிலிருந்து செம்மைக்கு. இருள் நீக்கப்பட்டு, அங்கிருந்து 12 விநாடியில் இரவுக்கு நேரடி மாற்றம். இயக்குநர் முதலில் தயங்கினார். வசனம் ஓடும்போது ஒளி மாறினால் கவனம் சிதறும் என்றார். ஒத்திகையில் அவருக்குச் சொல்லாமல் ஒருமுறை ஓட்டியபோது, ஃபேட் தொடங்கியதை அவரே கவனிக்கவில்லை.

எல்இடியில் வந்த சிக்கல்

டங்ஸ்டன் விளக்குகள் 240 விநாடியை வழுக்கிக்கொண்டு இறங்கின. எல்இடி படி இறங்கியது. அந்த விளக்குகள் 5 கட்டுப்பாட்டு வழிகள் கொண்ட முறையில், ஒளியின் அளவுக்கு ஒரே ஒரு 8 பிட் வழியோடு (0 முதல் 255 வரையிலான படிகள் மட்டும்) இயங்கின. 60 சதவீதத்திலிருந்து 15க்கு வர 115 படிகள். ஒவ்வொரு படிக்கும் 2 விநாடி. மேலே ஒரு படி என்பது 1 சதவீதத்துக்கும் குறைவான மாற்றம், கண்ணுக்குத் தெரியாது. கீழே வர வர ஒவ்வொரு படியும் இரண்டரை சதவீதத்துக்கு மேல் போனது. சுவரோரம் துடிப்பதுபோல் தெரிந்தது. டங்ஸ்டனில் இழையின் வெப்பம் இந்தப் படிகளைத் தானே மழுப்பிவிடும். எல்இடியில் அப்படி எதுவும் இல்லை.

விளக்குகளை 16 பிட் முறைக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு தன்மைக்கும் ஒரு பெருவழியும், அதன் ஒவ்வொரு படியையும் 256 நுண்படிகளாகப் பிரிக்கும் ஒரு நுண்வழியும் என விளக்குக்கு 10 வழிகள். 8 விளக்குக்கு 80. ஒரு டிஎம்எக்ஸ் (விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை) தொகுதியில் 512 வழிகள் இருப்பதால் இடம் ஒரு பிரச்சினை இல்லை. முகவரிகளை (ஒவ்வொரு விளக்கும் வாசிக்கத் தொடங்கும் வழியின் எண்) 101, 106, 111 என்பதிலிருந்து 101, 111, 121 என்று மாற்ற வேண்டும். எட்டு விளக்கில் ஏழு சரியாக அமைந்துவிட்டன. இரண்டாவது விளக்கு 106லேயே நின்றுவிட்டது.

அன்று மாலை ஒத்திகையில் அந்த ஒரு விளக்கு ஏறத்தாழ 3 விநாடிக்கு ஒருமுறை மெல்ல மங்கி, சட்டென்று பளிச்சிட்டது. மறுபடி மங்கியது, மறுபடி பளிச்சிட்டது. கேபிள் தளர்வு என்று நினைத்து இணைப்பானை மாற்றினார்கள். தொடரின் கடைசியில் 120 ஓம் முடிப்பான் (சமிக்ஞை திரும்பி எதிரொலிக்காமல் தடுக்கும் மின்தடை) இருக்கிறதா என்று பார்த்தார்கள்; இருந்தது. உண்மையில் 106 என்பது இப்போது முதல் விளக்கின் பச்சைக்கான நுண்வழி. மாலை ஃபேடில் பச்சை மெதுவாகக் குறையும்போது, அதன் நுண்வழி 255இலிருந்து 0 வரை இறங்கி, மறுபடி 255க்குத் தாவும். இரண்டாவது விளக்கு அதைத் தன் அளவு வழியாக வாசித்துக்கொண்டிருந்தது. சீரான இடைவெளியில் வரும் துடிப்பு பெரும்பாலும் கேபிள் கோளாறு அல்ல. கேபிள் கோளாறு ஒழுங்கில்லாமல்தான் வரும். அதைப் புரிந்துகொண்ட பிறகு திருத்த ஒரு நிமிடம் ஆனது, கண்டுபிடிக்க ஒன்றே கால் மணி நேரம்.

விளைவு

முதல் மேடையேற்றத்துக்கு முன் மறுபடி அளந்தார்கள். முகத்தில் 21 லக்ஸ், பின்சுவரில் 2. முகத்தில் விழுந்தது, பலிக்காமல் போன முதல் திருத்தத்தில் இருந்த அதே 21. விகிதம் மட்டும் 2.8இலிருந்து பத்துக்கு மேல் போயிருந்தது. 9, 12, 14 ஆம் வரிசைகளில் அரங்கப் பணியாளர்களை உட்காரவைத்தார்கள். முதல் வசனத்திலிருந்தே இரண்டு முகங்களும் தெரிந்தன என்று மூவரும் சொன்னார்கள்.

இரண்டாம் மேடையேற்றத்தில் ஒரு குறை. 19 பாகைக் கதிரின் வட்டம் முகத்தின் இடத்தில் சுமார் 3 மீட்டர்தான். ஒரு நடிகர் எழுந்து, ஒத்திகையில் செய்ததைவிட ஓரடி அதிகம் நகர்ந்து நின்றார். ஒரு நீண்ட வசனம் முழுக்க அவர் குரல் மட்டுமே இருந்தது. மறுநாள், அவர்கள் உட்காரும் பாயையே எல்லையாக்கினார்கள். 2.4 மீட்டருக்கு 1.8 மீட்டர் அளவுள்ள அடர்நிறப் பாய். அதை விட்டு இறங்கக் கூடாது. கால் பாயின் விளிம்பை உணரும் என்பதால் நடிகர் கீழே பார்க்க வேண்டியதில்லை. அதன் பிறகு அந்தக் குறை வரவில்லை.

முதல் வரிசையின் இடது ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு லாந்தரின் வெறும் கண்ணாடிப் பக்கம் கடைசிவரை தெரிந்துகொண்டுதான் இருந்தது. லாந்தரைத் திருப்பினால் ஒரு நடிகரின் முகம் இருண்டது. அந்த நான்கு இருக்கைகளுக்கும் தீர்வு கிடைக்கவில்லை.

அடுத்த முறைக்கு

இரவுக் காட்சியைத் தனியாகப் பதிவு செய்யக் கூடாது என்று குழு முடிவெடுத்தது. அளவை உறுதி செய்யும் முன், முந்தைய காட்சியின் கடைசி 5 நிமிடத்தை முழு ஒளியில் ஓட்டிவிட்டு, அங்கிருந்து நேராக இரவுக்குள் போய், முதல் ஒரு நிமிடத்துக்குள் முகம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அதையும் கடைசி வரிசையிலிருந்து பார்ப்பார்கள். மீட்டர் எப்போதும் நிமிர்த்தி, முகத்தின் உயரத்தில். பதிவேட்டில் முக அளவுக்குப் பக்கத்தில் பின்சுவர் அளவுக்கும் ஒரு கட்டம். தரைப் பூச்சின் மாதிரி ஒரு பலகையில் தயாராகி, விளக்கின் கீழ் பார்க்கப்பட்ட பிறகே தரை பூசப்படும்.

எல்இடியின் முறையை முகவரி ஒதுக்கும் முன்பே முடிவு செய்வார்கள். 60 விநாடிக்கு மேற்பட்ட ஃபேட் ஒன்றாவது இருந்தால் 16 பிட். முகவரி மாற்றியபின் ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக ஏற்றிப் பார்த்துக் குறிப்பேட்டில் குறியிடும் வேலை இனி ஒரே ஆளுடையது. ஏணியில் ஏறுபவரே அதையும் செய்வதில்லை.